பத்திக்குப் பத்தி வந்த பதில்கள்

இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன். எழுதுவதைவிட அதிகமாக, மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கிறேன். இரண்டிலும் கிடைத்த அனுபவங்களில் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது பின்னூட்டங்களைப் பற்றித்தான்.

2006இல் தொடங்கிய வாட்பேட் என்ற கதைத் தளத்தில் அத்தியாயத்துக்குக் கீழே மட்டுமல்ல, ஒவ்வொரு பத்திக்கும் தனியாகவே கமென்ட் போடலாம். எந்தப் பத்தியில் எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள் என்பதும் பக்கத்திலேயே தெரியும். பதிப்பாசிரியர் யாரும் இல்லாமல் தனியாக எழுதுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பது எழுத ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கைப் பெரும்பாலான தளங்கள் காட்டும். வாசகர் எங்கே நின்றார் என்பது அந்தக் கணக்கில் வராது.

அப்பாவுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை வரும் அத்தியாயம் ஒன்று. சண்டைக்காக நிறைய உழைத்திருந்தேன். மகன் கோபத்தில் கிளம்பிப் போய்விடுகிறான். கடைசியில் அப்பா அவன் எண்ணுக்கு அழைக்கிறார். போன் பக்கத்து அறையிலேயே அடிக்கிறது. அத்தியாயத்தை முடிக்க வேண்டுமே என்று போட்ட இரண்டு வரிகள், அவ்வளவுதான். வாசகர்கள் சண்டையை வேகமாகத் தாண்டி வந்து அங்கே கூடிவிட்டார்கள். பையன் போனை மறந்துவிட்டானா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனானா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு இன்னொரு வாசகர், "போன் உள்ளேதான் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். அவன் வைத்திருக்கிற ரிங்டோனைக் கேட்கத்தான் அழைக்கிறார்" என்று பதில் போட்டிருந்தார்.

எழுதும்போது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஆனால் அதைப் படித்த பிறகு அந்த அப்பாவை வேறு மாதிரி யோசிக்க முடியவில்லை. அடுத்தடுத்த அத்தியாயங்களில் அவர் பேசுவது குறைந்துகொண்டே போனது. சொல்ல முடியாததை எல்லாம் ஏதாவது செய்து காட்டுகிற மனிதராக மாறினார். கதை வாராவாரம் வளர்ந்துகொண்டிருந்ததால்தான் இது நடந்தது. முழுதாக முடித்துவிட்டு வெளியிட்டிருந்தால் அந்த வாசகரின் வரி ஒரு பாராட்டாக மட்டும் நின்றிருக்கும்.

செல்போனில் படிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கதையை பிடிஎஃப் ஆக அனுப்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் பக்கம் அசையாது; சின்னத் திரையில் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். கண் சீக்கிரம் களைத்துப்போகும் என்னைப் போன்றவர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, அந்தக் கதையைப் படிப்போமா மாட்டோமா என்பதையே முடிவுசெய்கிற விஷயம். எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். காட்சி மாறுவதை வெறும் காலி வரியால் காட்டினால், அந்த வரி சிலருடைய திரையின் அடியில் போய் மறைந்துவிடும். பத்து வருடம் கடந்துவிட்டது தெரியாமலே வாசகர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். நடுவில் மூன்று நட்சத்திரக் குறி போட்டால் போதும்.

அப்புறம், தளங்கள் மூடப்படுவது. அமேசான் போன்ற பெரிய நிறுவனமே தொடர்கதைகளுக்காக 2021இல் திறந்த கிண்டில் வெல்லாவை 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. நான் ஒரு தொடரை விரும்பிப் படித்துவந்த சின்னத் தளம் ஒன்றும் இப்படித்தான் ஒருநாள் திறக்காமல் போனது. எழுதியவர் அத்தியாயங்களைத் தன் கணினியில் வைத்திருந்ததால் கதை பிழைத்தது. அதன் கீழே நாங்கள் பேசியது எதுவும் மிஞ்சவில்லை. அடுத்து யார் உண்மையைச் சொல்வார் என்று மாறி மாறி ஊகித்தது, ஒரு பாத்திரம் செத்ததும் வந்த கோபம், அதற்கு அவர் பொறுமையாக எழுதிய நீண்ட பதில் எல்லாம் போய்விட்டது. எனக்கு இன்றும் வருத்தம் அதில்தான். அதிலிருந்து என் கதைக்கு வரும் நல்ல பின்னூட்டங்களையும் அந்தந்த அத்தியாயத்தோடு சேர்த்தே சேமித்து வைக்கிறேன்.

மின்னூலாக விற்க நினைப்பவர்கள் விதிமுறைகளை நிதானமாகப் படித்துவிடுங்கள். உதாரணமாக, அமேசானின் மின்னூல் திட்டமான கேடிபி செலக்டில் (KDP Select) சேர்த்தால், 90 நாள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் அந்த மின்னூல் வேறெங்கும் டிஜிட்டலாகக் கிடைக்கக் கூடாது. இலவசத் தளத்தில் முழுக் கதையும் இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். எடுத்தால் அதிலுள்ள பின்னூட்டங்களும் வாசகர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. என் தொடரைத் திறந்தே வைத்திருக்கிறேன். எழுத்தையே வருமானமாக நம்பியிருப்பவர் வேறு முடிவெடுத்தால் அது நியாயமானதுதான்.

வாசகராக நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். "அருமை, அடுத்த பகுதி எப்போது?" என்பதோடு நிறுத்தாமல், எந்த வரியில் நின்றேன் என்பதையும் எழுதுவேன். இப்போது படித்துக்கொண்டிருக்கும் தொடரில், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து ஒரு பெண் பென்சிலை மெதுவாக உருவுகிற வரியைக் குறிப்பிட்டிருந்தேன். அதை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாக எழுத்தாளர் பதில் போட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று நானும் இன்னும் நான்கைந்து பேரும் உடனே எழுதினோம்.