அம்மா வீட்டு அலாரம் டயலர்: மூன்று எண்ணுக்கும் போன் போனதாகக் காட்டுகிறது, யாருக்கும் செய்தி வரவில்லை

வண்ணாரப்பேட்டை மகன்:
அம்மாவுக்கு 71 வயது. பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் தனியாக இருக்கிறார். எனக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. அக்கா திருவொற்றியூரில், மாமா பெரம்பூரில். கழுத்தில் மாட்டிய பட்டனை அழுத்தினால் லேண்ட்லைனிலிருந்து வரிசையாகப் போன் போட்டு, பதிந்து வைத்த குரலை ஒலிக்கும் டயலர் பெட்டி ஒன்றை 2019-இல் ரிச்சி தெருவில் வாங்கி மாட்டினேன்.

போன செவ்வாய் விடியற்காலை அடிபம்பில் குடம் வைக்கப் போனவர் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். 4.20-க்குப் பட்டனை அழுத்தியிருக்கிறார். பெட்டியின் ஸ்பீக்கரில் என் குரல் அவருக்கே கேட்டிருக்கிறது. "நீ பேசினியேப்பா, வந்துடுவேன்னு படுத்துக் கிடந்தேன்" என்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

என் போனில் ஒரு மிஸ்டு கால் மட்டும். அக்கா, மாமா போனில் அதுகூட இல்லை. பெட்டியிலோ மூன்று எண்ணுக்கும் 'முடிந்தது' என்று பச்சை விளக்கு. 5 மணிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த எதிர்வீட்டு இட்லிக்கடை அக்காதான் பார்த்துத் தூக்கினார். மணிக்கட்டு முறிந்து ஸ்டான்லியில் மாவுக்கட்டு போட்டிருக்கிறோம்.

அமைப்பு இதுதான்: எண்ணுக்கு ஒரு தடவை போன், செய்தி ஒரு தடவை. போன வருடம் என் எண் மாறியபோது அதை மட்டும் புதிதாகப் பதிந்து சோதித்தேன், நன்றாக வந்தது. லைன் இப்போது ஃபைபர். பெட்டி கெட்டுவிட்டதா?

வியாசை டெக்னீஷியன்:
அம்மா சீக்கிரம் தேறட்டும் தம்பி. இரண்டு விஷயம் சொல்லுங்க. உங்க போனுக்குக் காலர் ட்யூன் இருக்கா? அக்கா, மாமா எண்களுக்கு முன்னால் 0 போட்டிருக்கீங்களா?

வண்ணாரப்பேட்டை மகன்:
காலர் ட்யூன் இருக்கிறது அண்ணா, சோதித்த பிறகு வைத்தது. என் எண்ணுக்கு 0 உண்டு. மற்ற இரண்டும் 2019-இல் பதிந்தபடியே, 0 இல்லாமல்.

வியாசை டெக்னீஷியன்:
அப்போ பெட்டி கெடவில்லை. லேண்ட்லைன் டயலருக்கு எதிர்முனையில் யார் எடுத்தார் என்று தெரியாது. அதற்குக் காது மட்டும்தான். டிரிங் டிரிங் சத்தம் நின்று வேறு ஒலி வந்தால் ஆள் எடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும். உங்க போன் அடிக்கும்போது அதற்குக் கேட்டது பாட்டு. அந்தப் பாட்டுக்கே செய்தியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அதுதான் அந்த மிஸ்டு கால்.

மற்ற இரண்டு கதை வேறு. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலைக் கூப்பிட்டாலும் முன்னால் 0 வேண்டும். இல்லாவிட்டால், 0 சேர்த்து டயல் செய்யுங்கள் என்று பதிவுக் குரல் வரும். உங்க பெட்டி அந்தக் குரலிடமும் செய்தியைச் சொல்லியிருக்கிறது. அக்கா போனில் எதுவுமே பதிவாகாததற்குக் காரணம் இதுதான்.

முதலில் எல்லா எண்ணுக்கும் 0 போட்டுப் பதியுங்க. பிறகு, நான் மாட்டிக் கொடுக்கும் எந்த வீட்டிலும் விடாமல் செய்வது: கையேட்டில் 'உறுதி' அல்லது 'அக்னாலஜ்' என்ற அமைப்பைத் தேடி ஆன் செய்யுங்க. போனை எடுத்தவர் ஒரு பட்டனை அழுத்தினால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பாட்டும் பதிவுக் குரலும் பட்டன் அழுத்தாது. சுற்று 5 தடவை என்று வையுங்க, செய்தி ஒரு அழைப்பில் 4 தடவை ஒலிக்கட்டும்.

மொபைல் 30 நொடி அடித்து நின்றுவிடும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-இல் வைத்த கணக்கு அது. லைன் இணைய ஆகும் நேரத்தையும் சேர்த்துக் காத்திருப்பை 45 நொடி ஆக்குங்க. எண்ணை எப்படி டயல் செய்வது என்பதற்கான டோன், பல்ஸ் ஸ்விட்ச் டோனில் இருக்கட்டும்.

எண்களின் வரிசையையும் மாத்தணும். ஒரகடத்தில் இருக்கும் பிள்ளை முதல் எண்ணாக இருந்து என்ன செய்ய முடியும்? இட்லிக்கடை அக்காவை முதலில் போடுங்க. அந்த நேரத்தில் விழித்திருப்பவர், நாலு எட்டில் வந்துவிடுவார். அடுத்து திருவொற்றியூர், அப்புறம் பெரம்பூர், கடைசியில் நீங்க. 108-ஐப் போடாதீங்க. அங்கே கேள்வி கேட்பார்கள், பெட்டியால் பதில் சொல்ல முடியாது. அதைக் கூப்பிட மனுஷர் வேண்டும்.

இன்னொன்று. பழைய செம்புக் கம்பி லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். ஃபைபர் பெட்டிக்கு உங்க வீட்டுக் கரண்ட்தான். கரண்ட் போனால் டயலருக்குள் பேட்டரி இருந்தும் லைன் இருக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம்ம பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. ஃபைபர் பெட்டிக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் கட்டாயம். அந்த மாதிரி நாள்கணக்கில் போனால் அதுவும் தாங்காது, வழக்கமான கரண்ட் கட்டுக்குப் போதும்.

தண்டையார்பேட்டை வாசி:
சிம் போடும் டயலராக மாற்றினால் காலர் ட்யூன் தொல்லை இல்லை, எடுத்தார்களா என்பதை நெட்வொர்க்கே சொல்லிவிடும். ஆனால் 2ஜி மட்டும் உள்ள பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது. ரீசார்ஜ் தேதியையும் மறக்கக் கூடாது. எந்தப் பெட்டியானாலும் அந்த எண்ணை 'அம்மா வீடு' என்று சேமித்து ஸ்டார் போட்டு வையுங்கள். இரவில் டூ நாட் டிஸ்டர்ப் போட்டுத் தூங்குபவர்கள், ஸ்டார் போட்டவர்களின் அழைப்பு மட்டும் வரும்படி அமைத்துக்கொள்ளலாம்.

வண்ணாரப்பேட்டை மகன்:
ஞாயிறு எல்லாம் மாற்றினேன். உறுதி அமைப்பு இருந்தது, இத்தனை வருடம் ஆஃபில் கிடந்திருக்கிறது. செய்தியையும் புதிதாகப் பதிந்தேன். முன்பு "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வாங்க" என்று மட்டும் இருந்தது. இப்போது கதவு எண், தெரு, சாவி யாரிடம் இருக்கிறது, கேட்டதும் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது வரை 18 நொடியில் சொல்லியிருக்கிறேன்.

இட்லிக்கடை அக்காவிடம் பழைய பட்டன் போன்தான். முதல் தடவை வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கச் சொன்னேன். பெட்டி காத்திருந்து அக்காவுக்கு, மாமாவுக்கு, எனக்கு என்று போய், என் காலர் ட்யூனிலும் ஏமாறாமல் மறுபடி அவரிடமே வந்தது. இந்தத் தடவை மாவுக் கையோடு எடுத்து, செய்தியில் சொன்ன பட்டனை அழுத்திவிட்டு, நாங்கள் எதிர்பார்ப்பதற்குள் வாசலுக்கே வந்து நின்றார்.

அம்மாவிடம், பெட்டியில் கேட்பது நான் முன்பே பேசி வைத்தது, யாராவது பட்டனை அழுத்தி நீளமாக ஒரு பீப் வந்தால்தான் ஆள் வருகிறார் என்று அர்த்தம் என்று உட்கார வைத்துச் சொன்னேன். அந்தப் பீப்பை மூன்று தடவை போட்டுக் காட்டச் சொன்னார். மினி யூபிஎஸ் நாளைக்கு வருகிறது. மெயினை அணைத்துச் சோதித்துவிட்டு எழுதுகிறேன் அண்ணா.