மறு: எக்ஸிட் ப்யூப்பில் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> ‘வெளியேறு துளை’ என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் புரியும்.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே துளை எதுவும் கிடையாது. பைனாகுலரை வெளிச்சமான வானத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். கண்வில்லையில் வட்டமாக ஓர் ஒளிப்பொட்டு தெரியும். அதுதான் எக்ஸிட் ப்யூப்பில்; முன்னால் இருக்கும் முகப்பு வில்லையின் பிம்பம் அது. கண்வில்லைக்குச் சற்று வெளியே அந்தரத்தில் நிற்பதால், தலையை அசைத்தால் இடம் மாறுவது போலத் தோன்றும். விளிம்பு வெட்டுப்பட்டு வட்டம் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் (ப்ரிஸம்) மட்டமானது. அந்தக் கருவியை வாங்க வேண்டாம்.

வாங்குபவருக்கு இந்த அளவு எதற்கு? 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும், முகப்பு வில்லை 42 மி.மீ. விட்டம்; 42ஐ 8ஆல் வகுக்க, பொட்டின் விட்டம் 5.25 மி.மீ. 10×42க்கு 4.2. பைக்குள் அடங்கும் 8×25க்கு 3 சொச்சம்தான். நண்பகலில் நம் கண்பாவையே 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் எல்லாம் பளிச்சென்று தெரியும். கடையில் பகலில் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். இருட்டினால் இளவயதினரின் கண்பாவை 7 மி.மீ. வரை விரியும், வயதானவர்களுக்கு 5 அளவில் நின்றுவிடும். பொட்டு கண்பாவையைவிடச் சிறிதாக இருந்தால் காட்சி மங்கிவிடும். ஜெர்மனியில் அந்தி மயங்கிய பிறகும் பரண்மேல் காட்டுப்பன்றிக்காகக் காத்திருக்கும் வேட்டைக்காரர்கள், ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் 8×56ஐ விரும்பிச் சுமப்பது இதற்காகத்தான். 56ஐ 8ஆல் வகுத்தால் சரியாக 7. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனால் விடியுமுன் ஏரிக்கரையில் பறவை பார்க்க நிற்பவருக்கும் இதே கணக்குதான்.

ஆக, ஒப்பிடுவது இரண்டு பாவைகளை: கண்ணின் பாவை, கருவியின் பாவை. பெயரிலேயே அந்த உறவு தெரிய வேண்டும். லத்தீனிலும் ‘ப்யூப்பில்’லின் மூலச்சொல்லுக்குச் சின்னப் பொம்மை என்றுதான் பொருள். கண்ணுக்குள் தெரியும் குட்டி உருவத்தை வைத்து அவர்களும் நம்மைப் போலவே பெயரிட்டிருக்கிறார்கள்.

முன்பு இங்கே வந்த ‘ஒளிப்பாவை’ காதுக்கு இனிமை. ஆனால் கேமரா லென்ஸ்காரர்களுக்கு ‘என்ட்ரன்ஸ் ப்யூப்பில்’ என்ற இணையும் வேண்டுமே. எக்ஸிட் ப்யூப்பிலை வெளிப்பாவை என்றால், அதற்கு உட்பாவை தானாகவே கிடைத்துவிடும். பாவை என்றதும் பெண்தான் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கியிருந்தார். ‘வெளிப்பாவை 5.25 மி.மீ.’ என்று அட்டைப்பெட்டியில் பார்ப்பவருக்கு அந்தக் குழப்பம் வராது.

அப்புறம், ‘ஐ ரிலீஃப்’. வெளிப்பாவை கண்வில்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே அது. கண்ணாடி அணிபவருக்கு 15 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். ‘கண்விலக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். இதைவிடப் பொருந்துவது இருந்தால் சொல்லுங்கள். ‘ரூஃப் ப்ரிஸ’த்துக்கு வந்த ‘கூரைப் பட்டக’த்தில் எனக்கு மறுப்பில்லை, அப்படியே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.