பழைய ஐ3 மெஷினில் விண்டோஸ் 11 போடலாமா? பேஜ்மேக்கர் வேலை நிற்கக் கூடாது

ஜெராக்ஸ்கடை:
வணக்கம். மன்னார்குடி பக்கம் சின்னதாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் ஓடுவது 2014-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாமே பக்கம் வடிவமைக்கும் பழைய புரோகிராமான பேஜ்மேக்கர் 7-ல், பழைய தமிழ் ஃபான்ட்களில்தான். அதே மெஷினில்தான் கரண்ட் பில், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஆதார் டவுன்லோடும். காலையில் ஆன் செய்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து முடித்து வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது என்கிறார்கள். சர்வீஸ் பார்க்கும் தம்பி, ஃபார்மட் பண்ணி 11 போட்டுத் தருகிறேன், அரை நாள் வேலை என்கிறான். பக்கத்துக் கடைக்காரர், இதில் 11 ஏறவே ஏறாது, புதுசு வாங்கிவிடு என்கிறார். யார் சொல்வது சரி? பத்து வருடப் பத்திரிகை ஃபைல்கள் உள்ளே கிடக்கின்றன.

மெதுவடை:
இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. முதலில் ஒன்று, ஃபார்மட் மட்டும் பண்ண விடாதீர்கள்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் (ஆன் ஆகும்போதே விண்டோஸை யாரும் மாற்றவில்லையா என்று சோதிப்பது), அப்புறம் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையில் இருந்து. உங்களுடையது நாலு. அதனால் முறைப்படி ஏறாது. ஆனால் ரூஃபஸ் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது, அதை வைத்துப் பென் டிரைவ் தயார் செய்தால் இந்தச் சோதனைகளைத் தாண்டி இன்ஸ்டால் ஆகிவிடும், தம்பி செய்யப்போவது அதுவாகத்தான் இருக்கும். ஓடவும் செய்யும். ஆனால் இப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வருடம் ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். வீட்டில் விளையாட ஒரு மெஷின் என்றால் செய்யுங்கள் என்பேன். நீங்கள் அடுத்தவர் ஆதாரையும் பேங்க் பாஸ்வேர்டையும் அடிக்கிற மெஷின் இது.

மெதுவாக இருப்பது விண்டோஸ் பதிப்பால் அல்ல, அந்த ஹார்டு டிஸ்கால். அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு ராமை 8 ஆக்கினால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

பெங்குயின்தாசன்:
விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்க அண்ணே. 4 ஜிபியில் நன்றாகவே ஓடும், காசும் கிடையாது. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பிரவுசர் வேலை அத்தனையும் நடக்கும்.

அச்சுக்கோப்பு:
பெங்குயின் தம்பி, அவர் பேஜ்மேக்கர் என்று எழுதியிருப்பதைப் படித்தீர்களா? அது லினக்ஸுக்கு வரவே இல்லை. விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டும் வைன் வைத்து ஓட்டலாம் என்பீர்கள், மாலை ஆறு மணிக்குப் பத்திரிகை வேண்டும் என்று பெண்வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது ஓட்டிப் பாருங்கள்.

கடைக்காரரே, இருபது வருடம் டிடிபியில் இருந்தவன் சொல்கிறேன். உங்கள் சொத்து பேஜ்மேக்கர் ஃபைல் இல்லை, ஃபான்ட். அது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. டி டிரைவில் ஃபைல்கள் பத்திரமாக இருக்கிறதே என்று சி-யை ஃபார்மட் செய்தால் ஃபான்ட் மொத்தமும் போச்சு. என் கடையில் ஒருவர் அப்படித்தான் செய்து கொடுத்தார். மறுநாள் ஃபைலைத் திறந்தால், பாமினி ஃபான்டில் அம்மா என்று அடித்த இடத்தில் எம், கே, செமிகோலன், கே, எச் என்று நிற்கிறது. உள்ளே இருப்பது எப்போதும் அந்த ஆங்கில எழுத்துதானே, ஃபான்ட்தான் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் உண்டு, ஆனால் 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-க்கு யூனிகோடு தமிழ் தெரியாது. ஆகவே முதல் வேலையாக அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா?

ஜெராக்ஸ்கடை:
செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய்ப் பார்த்தேன். 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், ஆனால் புராசசர் 64 என்று போட்டிருக்கிறது. இது நல்லதா கெட்டதா?

மெதுவடை:
அப்படியானால் நான் சொன்ன ராமை வாங்காதீர்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, காசு தண்டம். நல்லவேளை அச்சுக்கோப்பு அண்ணன் கேட்டார்.

விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. இருப்பதன் மேலேயே அப்கிரேடு செய்ய வழியில்லை, துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அதற்கு மேல் 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் எதுவும் ஓடாது. பழைய சிடிகளில் வந்த சிலவற்றின் இன்ஸ்டாலரே 16 பிட்தான்.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே அதற்கு நகலெடுத்து, அதாவது குளோன் செய்துவிட்டு, பழையதைக் கழற்றித் தேதி எழுதி மேஜை டிராயரில் வைப்பேன். விண்டோஸ் 10 அப்படியே இருக்கட்டும். 2025 அக்டோபர் 14-ல் நின்றது இலவச அப்டேட், மெஷின் நிற்கவில்லை. 22எச்2 பதிப்பு இருந்தால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் காசும் வேண்டாம். அதற்குள் எட்டாம் தலைமுறைக்கு மேல் ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் பார்த்து, ஆதாரும் பில்லும் அதற்கு மாற்றிவிடுங்கள். வாங்கும்போது ரன்னில் டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று அடித்து 2.0 காட்டுகிறதா என்று பாருங்கள், காட்டாவிட்டால் பயாஸ் செட்டிங்கில் பிடிடி (இன்டெலின் டிபிஎம்) அணைந்திருக்கும், ஆன் செய்தால் வந்துவிடும். பழையதில் நெட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பேஜ்மேக்கர் மட்டும் ஓட்டுங்கள்.

பெங்குயின்தாசன்:
அந்த இரண்டாவது மெஷினில் மின்ட் போடலாமே :)

ஜெராக்ஸ்கடை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஃபான்ட் ஃபோல்டரை எடுத்து வைத்தாயிற்று, உள்ளே முந்நூற்றுச் சொச்சம் இருக்கிறது, நான் தொடுவது நாலுதான். எஸ்எஸ்டியைத் தம்பியை வைத்தே போட்டேன், ஃபார்மட் வேண்டாம் என்றதும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பழைய காதுகுத்துப் பத்திரிகை ஒன்றைத் திறந்து பார்த்தேன், எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது. கூடுதல் அப்டேட்டுக்கும் பதிந்துவிட்டேன். இரண்டாவது மெஷின் பொங்கல் சீசன் பணம் வந்ததும்தான்.

முதல் நாள் ஆன் செய்துவிட்டு, பழக்கதோஷம், நேராக டீக்கடைக்குப் போய்விட்டேன். டீ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஸ்கிரீன் ரெடியாக நிற்கிறது, கரண்ட் பில் கட்ட வந்தவர் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.