வால்ட்டர் மணந்திருக்க வேண்டியது லாராவையா, மரியனையா?

மழைக்கால வாசகி:
ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸின் 'தி வுமன் இன் வைட்' படித்து முடித்தேன். 1859 நவம்பரிலிருந்து 1860 ஆகஸ்ட் வரை டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக (முடிவு வரை சொல்லிவிடுவேன்): ஓவிய ஆசிரியன் வால்ட்டர், நள்ளிரவில் லண்டன் சாலையில் வெள்ளை உடுத்திய ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். மனநோயாளிகள் விடுதியிலிருந்து தப்பி வந்த ஆன் கேத்ரிக் அவள். அப்புறம் வேலைக்குப் போன வீட்டில், அவள் சாயலிலேயே இருக்கும் லாராவைக் காதலிக்கிறான். லாராவுக்கோ சர் பெர்சிவலோடு நிச்சயம் ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு பெர்சிவலும் அவன் நண்பன் கவுண்ட் ஃபாஸ்கோவும், நோயில் இறந்த ஆனை லாரா என்று சொல்லிப் புதைத்துவிட்டு, உயிரோடிருக்கும் லாராவை ஆன் என்ற பெயரில் விடுதியில் அடைக்கிறார்கள்.

மர்மம் பிரமாதம். காதல்தான் மனதில் ஒட்டவே இல்லை. லாரா அழுகிறாள், வாடுகிறாள், காத்திருக்கிறாள். அவளுடைய அக்கா மரியனைப் பாருங்கள் (தாய் ஒன்று, தந்தை வேறு): அந்த இரண்டு பேரும் கீழே சதி பேசும்போது, சலசலக்கும் பட்டு உடையைக் கழற்றிவிட்டுக் கறுப்பு மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, தாழ்வாரக் கூரை மேல் பூந்தொட்டிகளைத் தாண்டித் தவழ்ந்து போய், கொட்டும் மழையில் ஒட்டுக்கேட்கிறாள். அவளை விட்டுவிட்டு வால்ட்டர் லாராவைத் தேர்ந்தெடுத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தெற்குத் தெரு:
லாராவுக்கு நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். இரண்டு இடங்களை மறந்துவிட்டீர்கள். ஒன்று, கல்யாணத்துக்கு முன்னால் பெர்சிவலை எதிரில் உட்காரவைத்து, "என் மனம் வேறொருவரிடம் இருக்கிறது" என்று சொல்கிறாள். சாகும் தறுவாயில் இருந்த அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அவளாக மீற முடியாது. அவனே விட்டுவிடட்டும் என்று நினைக்கிறாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவன் விடவில்லை.

இரண்டாவது, கல்யாணத்துக்குப் பிறகு பெர்சிவல் நீட்டும் அந்தப் பத்திரம். எழுத்து வெளியே தெரியாதபடி மடித்துவைத்து, கடைசிப் பகுதியை மட்டும் காட்டி, கையெழுத்துப் போடு என்கிறான். படிக்காமல் போட மாட்டேன் என்கிறாள். தன் வீடு என்று ஒன்று இல்லாத, பணம் கைக்கு வராத, கணவனை விட்டால் போக்கிடம் இல்லாத பெண் அவள். மரியன் கூரை ஏறியது வீரம் என்றால் இதுவும் வீரம்தான்.

மழைக்கால வாசகி:
பத்திரக் காட்சியை ஒத்துக்கொள்கிறேன், அருமையான இடம். ஆனால் அதற்குப் பிறகு? விடுதியிலிருந்து மரியன்தான் அவளை மீட்கிறாள். வால்ட்டரோடு சேர்ந்து மூன்று பேரும் லண்டனில் ஏழைக் குடித்தனம் நடத்துகிறார்கள். தானும் சம்பாதிக்க வேண்டும் என்று லாரா ஆசைப்படுகிறாள். வால்ட்டர் என்ன செய்கிறான்? அவள் வரைந்த படங்களை வாங்கி ஒளித்துவைத்துவிட்டு, விற்றுவிட்டது என்று தன் பணத்திலிருந்து கொடுக்கிறான். அவளும் பெருமையோடு எண்ணி வைத்துக்கொள்கிறாள். இதுவா காதல்? சிறுமியை வளர்ப்பது போல இருக்கிறது. மரியனிடம் அவன் இப்படி நடந்துகொள்வானா? அவளோடு உட்கார்ந்து திட்டம் போடுகிறான்.

பழைய புத்தகக்கடை:
நடுவில் ஒரு விஷயம். மர்மம் முழுக்க ஒரே ஒரு தேதியில் நிற்கிறது. 'லாரா' இறந்ததாகச் சான்றிதழ் சொல்வது 1850 ஜூலை 25. உண்மையான லாரா லண்டனுக்கு வந்தது 26. அதை நிரூபிப்பது வாடகை வண்டிக்காரரின் ஆர்டர் புத்தகம். நாவல் முதலில் புத்தகமாக வந்தபோது இந்தத் தேதிக் கணக்கே உதைத்தது. 'தி டைம்ஸ்' விமர்சகர் அதைப் பிடித்துவிட, காலின்ஸ் அடுத்த பதிப்பில் திருத்தினார். மர்மத்தைப் புகழும்போது அந்த விமர்சகருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

தெற்குத் தெரு:
சகோ, அந்தப் படங்கள் வரைந்த சமயத்தில் அவள் எங்கிருந்து வந்திருக்கிறாள்? "நீ லாரா இல்லை" என்று நாள்தோறும் சொல்லும் இடத்திலிருந்து. சொந்தச் சித்தப்பாவே அடையாளம் தெரியாது என்று துரத்திவிட்டார். அப்படி உடைந்தவளை மரியனோடு ஒப்பிடுவது சரியா?

காதலையும் மர்மத்தையும் பிரித்துப் பார்ப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த மர்மத்துக்குக் காரணமே கல்யாணம்தான். லாராவுக்குச் சொந்தமாக 20,000 பவுண்டு. அவள் இறந்தால் அந்தப் பணம் கணவனுக்குப் போகக் கூடாது என்று கல்யாண ஒப்பந்தத்தில் எழுத, குடும்ப வக்கீல் கில்மோர் எவ்வளவோ போராடுகிறார். சோம்பேறிச் சித்தப்பா தன் நரம்புகள் தாங்காது என்று சொல்லி விட்டுக்கொடுத்துவிடுகிறார். அந்த ஒரு வரி மாறியதும் அவளுடைய சாவுக்கு விலை வந்துவிடுகிறது. மனைவியின் சொத்தில் மனைவிக்கே உரிமை தரும் சட்டம் 1870இல் பாதியும் 1882இல் மீதியுமாகத்தான் வந்தது. மரியனிடம் சொத்து இல்லை, அதனால் அவளைக் கல்யாணம் செய்து ஏமாற்ற யாரும் வரவில்லை. அவள் கூரை ஏற முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பணம் உள்ள லாராவுக்குத்தான் பொறி வைத்தார்கள்.

மழைக்கால வாசகி:
இது நல்ல வாதம். நான் இப்படி யோசித்ததில்லை. ஆனால் இதையே வைத்துத்தான் கேட்கிறேன்: லாராவின் பேச்சைப் பறித்தது சட்டம் மட்டுமா? நீதிமன்றத்தில் சாட்சிகள் வருவது போல இந்த நாவலில் ஒவ்வொருவராக வந்து தங்கள் பங்கைச் சொல்கிறார்கள். வக்கீல் சொல்கிறார், வீட்டு நிர்வாகி அம்மாள் சொல்கிறார், எழுதத் தெரியாத சமையல்காரி சொல்கிறாள், டாக்டர், ஃபாஸ்கோ, எல்லோரும். கல்லறைக் கல்லுக்குக்கூடத் தனிச் சாட்சியம் உண்டு. லாராவுக்கு ஒரு பக்கமும் இல்லை! இந்தச் சாட்சியங்களைத் திரட்டித் தொகுப்பவன் யார்? அவளைக் காதலிக்கும் வால்ட்டர்.

தெற்குத் தெரு:
விடுதியில் நடந்தது அவளுக்கே கோர்வையாக நினைவில்லை. உடைந்த நினைவைச் சாட்சியமாக வைத்தால் எதிரிகள் கிழித்துவிடுவார்கள். அதனால்தான் அவன் வண்டிக்காரரின் புத்தகத்தைத் தேடி அலைகிறான். அது அவளைக் காப்பாற்றும் வழி.

மழைக்கால வாசகி:
வழக்குக்கு அது சரி. காதலுக்கு? கடைசியில் லாராவின் குடும்ப வீடான லிமரிட்ஜில் குடியானவர்களைக் கூட்டி, வால்ட்டர் எல்லா ஆதாரத்தையும் வாசிக்கிறான். லாராவைத் தூக்கி நிறுத்தி எல்லோருக்கும் காட்டி, இது அவள்தானே என்று ஊரைக் கேட்கிறான். கிழவர் ஒருவர் எழுந்து ஆரவாரத்தைத் தொடங்கிவைக்கிறார். ஆமாம், நான்தான் லாரா என்று அவள் வாயால் ஒரு வார்த்தை சொல்ல விட்டிருந்தால், இந்தக் கல்யாணத்தை நானும் மனதார வாழ்த்தியிருப்பேன்.

தெற்குத் தெரு:
அந்த இடத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் மரியனை மணந்திருக்க வேண்டும் என்பதை இன்னும் மறுக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கும் மரியன், தங்கையின் வாழ்வைத் தன் வாழ்வாகவே வரித்துக்கொண்டவள். அவளுக்கு வால்ட்டர் பரிசாகக் கிடைக்க வேண்டும் என்று அவள் கேட்டாளா? நாம்தான் கேட்கிறோம்.