புதுப்பிப்பு: அலுவலகப் பொங்கல் விழாவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டுகள்

எங்கள் சென்னை அலுவலகத்தின் பொங்கல் விழாவுக்கு எந்தெந்த விளையாட்டுகளை வாடகைக்கு எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் பரிந்துரைத்த, காற்றடைத்த பெரிய சறுக்குமேடைகளைத் தவிர்த்துவிட்டோம். காற்றூதி ஓயாமல் ஓடாவிட்டால் அவை தொய்ந்துவிடும் என்பதோடு, வேட்டியும் புடவையும் கட்டி வருபவர்கள் அவற்றில் ஏறப்போவதுமில்லை.

கேரம் பலகைகள், ஒரு ஃபூஸ்பால் மேசை (கம்பிகளில் கோத்த பொம்மை வீரர்களைச் சுழற்றிப் பந்தை உதைக்கும் மேசைக் கால்பந்து), சில பல்லாங்குழிகள் ஆகியவற்றை மட்டும் எடுத்தோம். ஃபூஸ்பாலைச் சுற்றித்தான் கூட்டம் சேரும் என்று நினைத்திருக்க, பதினான்கு குழிப் பலகைதான் அன்றைய நாயகன் ஆனது: கணக்குப் பிரிவின் மூத்த அம்மா ஒருவர், சோழிகளை எண்ணாமல் பார்வையாலேயே கணித்து, இளம் பொறியாளர்களை வரிசையாகத் தோற்கடித்தார்.

பறையாட்டக் குழுவைத் தாழ்ந்த கூரையுள்ள அரங்கில் ஆடவிடாமல் வாகன நிறுத்துமிடத்துக்கு மாற்றியது நல்ல முடிவு. உள்ளே என்றால் காது தாங்கியிருக்காது. விலை கேட்பவர்கள், 18 சதவீத ஜிஎஸ்டி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, உடன் வரும் பணியாளரின் கூலி ஆகியவை சொல்லும் தொகைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதலில் வந்த விலைப்பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.