புதுப்பிப்பு: கேம்பரின் கூரை இப்போது சமமாக ஏறுகிறது

என் பழைய பாப்-அப் கேம்பரின் (கூரையை மேலே தூக்கி விரித்துத் தங்கும் இழுவை வண்டி) கூரையை ஏற்றினால் பின்பக்க இடது மூலை மட்டும் ஒரு சாண் தாழ்ந்து நிற்கிறது என்று எழுதியிருந்தேன். கூரையைத் தூக்கும் கம்பிக் கயிறான கேபிள் நீண்டுவிட்டது என்று நினைத்தேன், அது இல்லை. கப்பியைப் பார்க்கச் சொல்லி ஒருவர் பதில் எழுதியிருந்தார். நான்கு மூலைக்கும் முட்டுக் கொடுத்து, பாரத்தை இறக்கிவிட்டு, அடியில் படுத்துப் பார்த்தேன். அந்த மூலைக்கான கப்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. அது சுழலாததால் கேபிள் அதன்மேல் உரசி உரசியே தேய்ந்து, ஐந்தாறு இழைகள் முள்ளாகக் கிளம்பியிருந்தன. கையுறை போட்டது நல்லதாயிற்று. இரண்டையும் மாற்றினேன், இழை அறுந்த கேபிளை நம்பக் கூடாது. அப்புறம் கூரையைப் பாதி ஏற்றி, மூலைகளை அளந்து, கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிச் சமப்படுத்தினேன். கப்பிகளுக்கு எண்ணெய் விட்டேன். பிரேக் உள்ள வின்ச்சின் (கேபிளைச் சுற்றி இழுக்கும் கருவி) உராய்வுத் தட்டில் மட்டும் ஒரு சொட்டும் படக் கூடாது, பிடி நழுவிவிடும். கப்பியைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.