கமெண்டில் முற்றுப்புள்ளி இல்லை என்று ரிவ்யூவைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி:
வணக்கம். ஜாவாவில் பில்லிங் சர்வீஸ் எழுதும் 6 பேர் டீமில் இருக்கிறேன். போன வாரம் நான் போட்ட புல் ரிக்வெஸ்டுக்கு (என் கோடைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) ரிவ்யூவில் 14 குறிப்புகள் வந்தன. அதில் 11 குறிப்புகள், கமெண்டின் (கோடுக்குள் எழுதும் விளக்கம்) "கடைசியில் புள்ளி இல்லை" என்பதுதான். திருத்தி, மறுபடி அனுப்பி, 2 நாள் இதிலேயே போனது. நான் பயந்துகொண்டே எழுதிய இடம் வேறு. தள்ளுபடி கழித்த அப்புறம் பைசாவை ரவுண்ட் செய்யும் 4 வரி. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது தப்பு என்று டெஸ்டிங்கில்தான் தெரிந்தது.

ரிவ்யூ செய்த அண்ணன் நல்லவர், எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் வரியின் ஓரத்தில் மூன்றே சொல்லில் இருக்கும் கமெண்டுக்கும் புள்ளி வேண்டுமா? உங்கள் டீமில் எப்படி?

பதில் 1:
எல்லாப் புள்ளியும் ஒன்றல்ல சகோ. ஜாவாடாக் (கமெண்டிலிருந்து விளக்கப் பக்கம் உருவாக்கும் கருவி), மெத்தடுக்கு மேலே எழுதும் கமெண்டின் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து மெத்தட் பட்டியலில் சுருக்கமாகக் காட்டும். வாக்கியம் முடிந்ததை அது அறிவது புள்ளியையும் அடுத்துள்ள இடைவெளியையும் வைத்துத்தான். புள்ளியை விட்டால் அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். நீங்கள் பில்லிங்கில் இருப்பதால் இதையும் பாருங்கள்: முதல் வாக்கியத்தில் "ரூ. 500" என்று எழுதினால் "ரூ." என்பதோடு சுருக்கம் அறுந்துவிடும். அங்கே அவர் கேட்டது நியாயம். ஓரக் கமெண்டை எந்தக் கருவியும் அப்படிப் படிப்பதில்லை, விட்டுவிடலாம்.

பதில் 2:
நான் பைத்தான். டாக்ஸ்டிரிங்கின் (ஃபங்ஷனுக்குள் தொடக்கத்தில் எழுதும் விளக்கம்) முதல் வரி புள்ளியில் முடிய வேண்டும் என்கிறது பெப் 257 என்ற பைத்தான் வழிகாட்டி. எங்களுக்கு ரஃப் லிண்டரின் (கோடைத் தானாகச் சோதிக்கும் கருவி) டி400 விதியே அதைப் பிடித்துவிடும், ஆள் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு ஜாவாவில் அதே வேலையைச் செய்யும் செக்ஸ்டைல் கருவியில் ஜாவாடாக்ஸ்டைல் என்று ஒரு விதி இருக்கிறது, முதல் வாக்கியத்தின் முடிவைப் பார்க்கும். அதை பில்டில் சேருங்கள். ரிவ்யூ செய்பவரின் கண் ரவுண்டிங்குக்குப் போகட்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 11 குறிப்பையும் மறுபடி படித்தேன். 3 ஜாவாடாக், 8 ஓரக் கமெண்ட். அந்த மூன்றில் ஒன்றில் "ரூ. " இருக்கிறது, சுருக்கம் பாதியில் நிற்கிறது. அதை அண்ணனிடம் காட்டினேன், அவருக்கும் இது புதிது. செக்ஸ்டைல் விதியைச் சேர்க்க ஒரு புல் ரிக்வெஸ்ட் போட்டிருக்கிறேன். ரவுண்டிங் திருத்தத்தை நாளை அவரும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம்.